குழந்தைக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

1901-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜப்பானிலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் வந்திறங்கிய கவோரு யமதாயா என்னும் பதினாறு வயதுப் பெண்ணை, இறங்கிய சில தினங்களுக்குள்ளாகவே குடியேற்ற அதிகாரி ஒருவர் விசாரித்து, இவள் ஏழை, சர்க்காருக்குப் பாரமாகக் கூடியவள் என்று தீர்மானித்து, திருப்பி அனுப்புவதற்கு உத்தரவு பெற்றார். அந்த விசாரணை எதற்காக நடந்தது என்பதே தனக்கு விளங்கவில்லை என்றும், ஆங்கிலம் அறியாத தனக்கு அப்போது வக்கீலோ வேண்டியவர்களோ துணைக்கு இருக்கவில்லை என்றும் அவள் தரப்பில் பிற்பாடு முறையிடப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. அந்நிய தேசத்தவரானாலும் அவர் தரப்பைக் கேளாமல் நாடு கடத்தலாகாது என்ற உயர்ந்த கொள்கைக்கு ஆதாரமாக இன்றளவும் எடுத்துக் காட்டப்படுவது 1903-இல் வந்த அந்தத் தீர்ப்பேயாகும். பாஷை தெரியாமற்போனது அந்தப் பெண்ணின் துரதிர்ஷ்டமே தவிர விசாரணையின் குற்றமாகாது என்று சொல்லி அவளைக் கைவிட்டதும் அதே தீர்ப்புத்தான். தரப்பைக் கேட்க வேண்டியது சர்க்காரின் கடமை, ஆனால் சொல்லத் தெரியாதவருக்குச் சொல்வதற்கு உதவுவது அதன் கடமையில் சேராது என்ற இந்த நிலையிலிருந்து, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்நாட்டுக் குடியேற்ற நீதிமன்றங்கள் அதிக தூரம் நகர்ந்துவிடவில்லை. பெற்றோரின்றித் தனியே எல்லை கடந்து வந்த குழந்தைகளின் விஷயத்தில் இது எவ்வளவு பெரிய அநீதியாக முடிகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இதே தேசம் மற்ற நீதிமன்றங்களில் ஏழைக்கு அளித்திருக்கும் பாதுகாப்பை நினைத்துப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஃபுளோரிடாச் சிறையிலிருந்து கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழைக் கைதி பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை ஏற்று, கடுங்குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லையென்றால் ராஜ்யமே வைத்துத் தர வேண்டும் என்று 1963-இல் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்ற புகாரின்பேரில், இருபத்தொரு வயது வரையில் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்து வைக்கலாம் என்று உத்தரவிடப்பட்ட ஜெரால்டு கால்ட் என்ற அரிஸோனாச் சிறுவனின் வழக்கில், பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு என்றாயிற்று. கிடியனுக்காக வாதாடிய ஏப் ஃபோர்ட்டஸ் அதற்குள் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகியிருந்தார். இந்த இரண்டாவது தீர்ப்பை எழுதியவர் அவரே. சிறுவனின் நன்மையை உத்தேசித்து நடக்கும் விசாரணை என்ற காரணத்தைக் காட்டி முறையான பாதுகாப்புகளை அவனிடமிருந்து பறித்துவிடலாகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

குடியேற்ற நீதிமன்றத்துக்குள் இந்தத் தீர்ப்புகள் செல்லுபடியாவதில்லை. நாடு கடத்துவது குற்றத்துக்கான தண்டனையன்று என்று 1893-இல் சீனத் தொழிலாளர் மூவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மூன்று நீதிபதிகள் அதை மறுத்து எழுதியபோதிலும், அந்தத் துறையின் அஸ்திவாரம் இன்றைக்கும் அதுதான். தண்டனை இல்லையென்றால் அது குற்ற வழக்கில்லை. குற்ற வழக்கில்லையென்றால் இலவச வக்கீலும் இல்லை. 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வெளிநாட்டவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. சர்க்காருக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் கூடவே விதித்திருக்கிறது. அந்த நிபந்தனை வயது பார்ப்பதில்லை. நாற்பது வயதுக்காரருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் அது ஒன்றுதான். எதிர்ப்புறத்திலோ, ஒவ்வொரு வழக்கிலும், பயிற்சி பெற்ற வக்கீல் ஒருவர் சர்க்கார் செலவில் ஆஜராகிறார். நீதிபதியும் சுயேச்சையான நீதித்துறையைச் சேர்ந்தவரல்லர். நீதி இலாகாவின் உத்தியோகஸ்தர், அட்டர்னி ஜெனரலின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்.

பதினெட்டு வயது நிரம்பாமல், சட்டபூர்வமான குடியேற்ற அந்தஸ்து இல்லாமல், கவனித்துக்கொள்ளக்கூடிய நிலையில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ அந்நாட்டில் இல்லாமல் வரும் சிறுவர் சிறுமியரை, 'துணையின்றி வந்த குழந்தைகள்' என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வகைப்படுத்துகிறது. இவர்களிற் பெரும்பாலோர் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் ஆகிய மத்திய அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். 2014-ஆம் நிதியாண்டில் தெற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் 68,000-க்கும் மேல். 2022-இல் அந்தத் தொகை 1,50,000-ஐத் தாண்டியது. எல்லைக் காவலர்கள் இவர்களை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவின் பராமரிப்பில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கிருந்து பெரும்பாலும் தாயிடமோ மாமனிடமோ அத்தையிடமோ போய்ச் சேருகிறார்கள். வழக்கு மட்டும் முடிவதில்லை. போன ஊருக்குப் பின்னாலேயே அதுவும் செல்கிறது.

வழக்கைத் தொடங்கி வைக்கும் அழைப்பாணையில், நீர் அமெரிக்கப் பிரஜையல்லர், நீர் குவாத்தமாலாவின் பிரஜை, இன்ன தேதியில் இன்ன ஊருக்கருகில் அனுமதி பெறாமல் நுழைந்தீர் என்று வரிசையாகக் குற்றச்சாட்டுகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். அதை ஒப்புக்கொள்கிறீரா, மறுக்கிறீரா என்று நீதிபதி கேட்பார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர், வக்கீலோ நெருங்கிய உறவினரோ நண்பரோ உடன் இல்லாமல் நிற்கும்போது, தம்மை வெளியேற்றலாம் என்று அவர் ஒப்புக்கொண்டாலும் அதை நீதிபதி ஏற்கலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்களுக்கே, இந்த வயதில் தனியாக நின்று பதில் சொல்ல முடியாது என்பது தெரிந்திருக்கிறது. ஆயினும் அந்த அறிவைத் தொடர்ந்து அடுத்த அடி எடுத்து வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, நீதிபதி தம் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம், குழந்தை தன் பொம்மையைக் கையில் வைத்துக்கொள்ளலாம், அறிமுகமான பெரியவர் பக்கத்தில் அமரலாம் என்று சலுகைகளை விவரித்து வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறார்கள். இவை நல்லெண்ணத்தால் பிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பயத்தைத் தணிப்பது வேறு, வழக்கை நடத்துவது வேறு.

2018 ஜூலையில், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை எல்லையில் பிரித்துவிட்ட அந்தக் கொடிய மாதங்களின் முடிவில், பீனிக்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் ஹோண்டுராஸைச் சேர்ந்த ஒரு வயதுக் குழந்தை ஒன்றின் வழக்கு அழைக்கப்பட்டது. குழந்தை புட்டியில் பால் குடித்துக்கொண்டும், தரையில் பட்டால் ஒளிவிடும் ஊதா நிறப் பந்தொன்றை வைத்து விளையாடிக்கொண்டும், இடையிடையே தண்ணீர் கேட்டுக்கொண்டும் இருந்ததாகப் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். விசாரணை புரிகிறதா என்று பிரதிவாதியைக் கேட்க வேண்டியது விதி. அதைக் கேட்கவே தமக்குக் கூச்சமாயிருக்கிறது என்று நீதிபதி வாய்விட்டுச் சொன்னார். அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு வக்கீல் இருந்தார். வக்கீல் கிடைக்கும்படி நேர்ந்ததால் இருந்தாரே அன்றி, இருந்தாக வேண்டும் என்று சட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை.

வக்கீல் என்றதும் எழுந்து நின்று வாதிடுபவரையே நாம் நினைக்கிறோம். இந்த வழக்குகளில் அது கடைசி வேலை. ஏன் ஊரை விட்டு வந்தாய் என்று முதல் நாள் கேட்டால், அம்மாவைப் பார்க்க வந்தேன் என்று மட்டும் பிள்ளை சொல்லும். அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கும்பல்காரர்கள் மறித்ததையும், வீட்டிலே சித்தப்பன் அடித்ததையும், வழிப் பிரயாணத்தில் நேர்ந்த அவமானத்தையும், முகம் பழகி, இவர் நமக்கு வேண்டியவர் என்ற நம்பிக்கை உண்டான பிறகே அது சொல்லத் துணியும். ஆண்டும் மாதமும் சொல்லத் தெரியாத பிள்ளையிடம், ஊர்த் திருவிழாவுக்கு முன்பா பின்பா, தம்பி பிறந்திருந்தானா இல்லையா என்று கேட்டுக் கேட்டுக் காலவரிசையைக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு ஸ்பானிய மொழிகூடச் சரியாகத் தெரியாது. மாம், கிச்சே போன்ற மாயா மொழிகளே தாய்மொழி. மாம் மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கும் அதிலிருந்து ஆங்கிலத்துக்குமாக இரண்டு மொழிபெயர்ப்பாளர்களைக் கடந்து ஒரு சிறுமியின் வாக்குமூலம் நீதிபதியின் காதுக்குப் போய்ச் சேரும்போது, அதில் எது மிஞ்சியது, எது உதிர்ந்தது என்று கவனிப்பதற்கு அவள் பக்கத்து ஆள் ஒருவராவது அங்கே இருக்க வேண்டாமா?

இவ்வளவு பாடுபட்டுக் கதையை வெளிக்கொணர்ந்தாலும், கதை மட்டும் போதாது. அதைச் சட்டத்தின் கட்டங்களுக்குள் பொருத்திக் காட்ட வேண்டும். அடைக்கலச் சட்டம், உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதோடு திருப்தியடைவதில்லை; இனம், மதம், தேசியம், அரசியல் அபிப்பிராயம், குறிப்பிட்ட சமூகக் குழு ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாக அந்த ஆபத்து நேர வேண்டும் என்கிறது. எல் சால்வடாரில் எம்.எஸ்.13 என்ற கொலைக் கும்பலில் சேர மறுத்து ஓடிவந்த பதினாறு வயதுச் சகோதரர் இருவரும் அவர்களுடைய தமக்கையும் தொடுத்த வழக்கில், கும்பலை எதிர்த்து நின்ற இளைஞர்கள் என்பது சட்டம் கருதும் சமூகக் குழுவாகாது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2008-இல் முடிவு கட்டியது. அதற்குப் பின், அதே போன்ற ஆபத்திலிருந்து தப்பி வந்த ஒரு சிறுவன், அந்தத் தீர்ப்புக்கும் தன் கதைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே எடுத்துக்காட்டி வாதிக்க வேண்டும் என்றால், சட்டக் கல்லூரியில் மூன்று ஆண்டு படித்தவர்களே திணறும் ஒன்றை அவனிடம் எதிர்பார்க்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு வழியும் உண்டு. பெற்றோரில் ஒருவராலோ இருவராலோ கைவிடப்பட்ட, துன்புறுத்தப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று 1990-இல் ஏற்பட்ட விசேஷ அந்தஸ்து அது. கருணையுள்ள ஏற்பாடு, ஆனால் அதை அடையும் பாதையைப் பாருங்கள். முதலில் மாகாணத்தின் குடும்ப நீதிமன்றத்துக்குச் சென்று, இந்தப் பிள்ளையைப் பெற்றவரிடம் மறுபடி சேர்ப்பிக்க முடியாது, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது இதன் நலனுக்கு உகந்ததன்று என்று குறிப்பிட்ட வாசகங்களோடு ஓர் உத்தரவு பெற வேண்டும். அதை வைத்துக்கொண்டு குடியேற்ற இலாகாவுக்கு வேறொரு மனு. அது ஏற்கப்பட்ட பின், விசா வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பு. இவ்வளவு காலமும் நாடு கடத்தும் வழக்கு மற்றொரு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்க, அங்கே ஒவ்வொரு தவணையிலும் இந்த விவரத்தைச் சொல்லிக் கால அவகாசம் கேட்க வேண்டும். மாகாண நீதிமன்றங்கள் பலவற்றில் பதினெட்டாவது பிறந்த நாளோடு கதவு மூடிவிடுகிறது. பதினேழரை வயதில் வந்தவனுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவர் சொல்லுவதற்குள் அந்த ஆறு மாதம் கரைந்துவிடும். சட்டசபை மனமுவந்து அளித்த உரிமை இவ்வாறு, எடுத்துச் சொல்ல ஆளில்லாத ஒரே காரணத்தால், உரியவன் கைக்கு எட்டாமலே காலாவதியாகிறது. இந்த விவகாரம் முழுவதிலும் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த 'டிராக்' ஆய்வு மையம் அரசாங்கத்தின் ஆவணங்களைக் கொண்டே 2014-இல் ஒரு கணக்குப் பார்த்தது. வக்கீல் இருந்த குழந்தைகளில் 73 சதவிகிதம் பேர் அமெரிக்காவில் தங்க அனுமதி பெற்றார்கள். தனியே நின்றவர்களிலோ 15 சதவிகிதம்தான். வலுவான வழக்குகளையே வக்கீல்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆகையால் இந்த வித்தியாசம் முழுவதையும் வக்கீலின் கணக்கில் எழுதலாகாது என்று ஆட்சேபிக்கலாம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் தனியே நின்றவர்களின் வழக்கு வலுவற்றது என்று யார் பரிசீலித்தார்கள்? வலு உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் ஒருவர் வேண்டியிருக்கிறதே!

2014 கோடையில் குழந்தைகளின் வருகை பெருகியபோது, வழக்கு பதிவாகி இருபத்தோரு நாளுக்குள் முதல் விசாரணை நடந்தாக வேண்டும் என்று அப்போதைய அரசாங்கம் அவசர உத்தரவு போட்டது. அந்த ஜூலை மாதத்திலேயே, சியாட்டில் நகரத்தில், அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் முதலிய ஸ்தாபனங்கள், வழக்கை எதிர்நோக்கும் குழந்தைகளுக்கெல்லாம் வக்கீல் அமர்த்தித் தர வேண்டும் என்று கோரி வழக்குத் தொடுத்தன. அந்த வழக்கில் சாட்சியம் அளித்தபோதுதான், குடியேற்ற நீதிபதிகளின் பயிற்சியில் பொறுப்பு வகித்த மூத்த நீதிபதி ஒருவர், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தாம் குடியேற்றச் சட்டத்தைப் போதித்திருப்பதாகவும், காலமும் பொறுமையும் வேண்டுமே தவிர அவர்கள் புரிந்துகொள்கிறார்கள் என்றும் பிரமாணத்தின்பேரில் சொன்னார். 2016-இல் அது வெளியானபோது குழந்தை மனோதத்துவம் அறிந்தவர்கள் திகைத்துப்போனார்கள். அவரைத் தனி மனிதராகக் கண்டிப்பதில் பயனில்லை. அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த வேண்டிய ஸ்தானத்தில் யார் அமர்ந்திருந்தாலும் அப்படி ஏதாவது சொல்லித்தான் தீர வேண்டியிருக்கும்.

அவ்வாண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. குழந்தைகளுக்கு வக்கீல் உரிமை இல்லை என்று அது சொல்லவில்லை. நாடு கடத்த உத்தரவான பிறகு, அந்த உத்தரவின் மீது செய்யும் மேல்முறையீட்டில்தான் இந்தக் கேள்வியை எழுப்பலாம் என்றது. வக்கீல் இல்லாத குழந்தைக்கு அந்த மேல்முறையீட்டைத் தொடுக்கத் தெரியாது. தொடுக்கத் தெரிந்த வக்கீல் அகப்பட்ட குழந்தைக்கோ அந்தக் குறையே இல்லை. பின் யார்தான் கேள்வியை எழுப்புவது? சட்டசபையும் நிர்வாகமும் இந்த நிலைமையைச் சீர்திருத்த வேண்டும் என்று அதே தீர்ப்போடு இரண்டு நீதிபதிகள் தனியே எழுதியதிலிருந்து, அவர்கள் மனச்சாட்சியும் உறுத்தியது என்பது விளங்குகிறது.

தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். நடிகை ஏஞ்சலினா ஜோலியும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2008-இல் தொடங்கிய 'கிண்ட்' என்ற அமைப்பு முதல் பல ஸ்தாபனங்கள் பெரிய வக்கீல் கம்பெனிகளைத் தூண்டி இலவச சேவை பெற்றுத் தருகின்றன. அவர்கள் தொண்டை எவ்வளவு போற்றினாலும் தகும். இயன்ற அளவு எல்லாக் குழந்தைகளுக்கும் வக்கீல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதார இலாகாவைப் பணித்திருப்பதால், காலப்போக்கில் சர்க்கார் பணமும் ஒப்பந்த மூலமாக இந்தக் காரியத்துக்கு வரலாயிற்று. ஆனால் 'இயன்ற அளவு' என்பது ஆளுவோர் மனத்தைப் பொறுத்துச் சுருங்கும் அளவு. 2025 மார்ச் 21-ஆம் தேதி அந்த ஒப்பந்தத்தின் பிரதான பகுதி திடீரென்று ரத்து செய்யப்பட்டது. ஏறத்தாழ 26,000 குழந்தைகளின் வழக்குகள் நடுவழியில் நின்றன. அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் தலையிட்டுத் தடையுத்தரவு பிறப்பித்தார் என்பது உண்மைதான். எனினும், நான்கைந்து சந்திப்புகளுக்குப் பின் மெல்ல வாய் திறந்த ஒரு சிறுமிக்கு, அவளுடைய வக்கீல் நாளைக்கு வருவாரா மாட்டாரா என்பது ஓர் இலாகாவின் கடிதத்தைப் பொறுத்திருப்பதே தவறு.

வக்கீல் கொடுத்தால் இன்னும் அதிகமான குழந்தைகள் வருவார்கள் என்பது மறுதரப்பின் முக்கியமான வாதம். குழந்தைகள் ஏன் வருகிறார்கள் என்பதை ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையகம் 404 பேரை நேரில் கேட்டு 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 58 சதவிகிதத்தினர் சர்வதேசப் பாதுகாப்புக்கு உரியவர்களாக இருக்கக்கூடும் என்று அது கண்டது. கும்பலின் துப்பாக்கிக்குப் பயந்து இரவோடிரவாகப் பிள்ளையை அனுப்பும் தாய், சியாட்டிலில் இலவச வக்கீல் உண்டா என்று விசாரித்துவிட்டா அனுப்புகிறாள்? பெற்றோர் முன்னால் போவதும் பிள்ளைகள் பின்னால் தனியே கப்பலேறுவதும் அமெரிக்காவுக்குப் புதிதுமன்று. 1892 ஜனவரி முதல் தேதி எல்லிஸ் தீவு திறக்கப்பட்டபோது முதலில் பதிவாகிய அன்னி மூர் என்ற ஐரிஷ் பெண், தன்னினும் சிறிய தம்பிமார் இருவரை அழைத்துக்கொண்டு நியூயார்க்கில் இருந்த பெற்றோரிடம் வந்தவள். அவளுக்குப் பத்து டாலர் பொற்காசு பரிசளித்தார்கள், இன்று அவளுக்குச் சிலையும் இருக்கிறது.

செலவு என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை; செலவு உண்டு. ஆனால் நீதிபதிக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் காவலருக்கும் சம்பளம் கொடுத்து, வக்கீல் தேடிக்கொண்டு வா என்று குழந்தைக்குத் தவணை மேல் தவணை கொடுத்துக்கொண்டிருப்பதும் செலவுதான். வக்கீல் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தவறாமல் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். தனியே விடப்பட்டவர்களோ தேதி தெரியாமலும் வழி தெரியாமலும் வராமற்போய், முகமே காணாமல் நாடு கடத்தும் உத்தரவுக்கு ஆளாகிறார்கள். தங்குவதற்கு ஆதாரம் இல்லாத வழக்காயின், அதையும் குழந்தைக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, தண்டனை விளைவுகள் இல்லாமல் தானே திரும்பிச் செல்லும் வழியைச் சட்டப்படி பெற்றுத் தருவதும் நல்ல வக்கீலின் வேலையே. யாரை உள்ளே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு தேசத்துக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த முடிவு உண்மை தெரிந்து எடுக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பரிகாரம் தெரியாத பிரச்னையன்று இது. 2013 ஜூனில் செனட் சபை 68-க்கு 32 என்ற வாக்கில் நிறைவேற்றிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவில், துணையின்றி வந்த குழந்தைகளுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் என்ற ஷரத்து இருந்தது. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளவேயில்லை. 2016-இல் செனட்டர் ஹாரி ரீட் அந்த ஷரத்தைத் தனி மசோதாவாகவே கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஷரத்தைச் சட்டமாக்க வேண்டும்: 1952-ஆம் ஆண்டு நிபந்தனையிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு அளித்து, முதல் விசாரணைக்கு முன்பே வக்கீலை நியமித்து, மாகாண நீதிமன்றத்துக்கும் அவரே உடன் செல்லும்படி ஊதியம் வகுத்து, மாம் முதலிய மொழிகளை நேரே ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவித்து, வழக்கின் நடுவில் பதினெட்டு வயது நிரம்பினாலும் வக்கீலை விலக்காமல், நியமனம் ஆகும் வரையில் எந்தக் குழந்தையின் வழக்கையும் விசாரணைக்கு எடுக்கலாகாது என்று நீதிபதிகளுக்கு அச்சட்டத்திலேயே உத்தரவிட வேண்டும்.